சைடுகாரில் வைத்த பாரம்

நம் வயதுக்காரர்கள் பலர் சைடுகாரைச் சினிமாவில் பார்த்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் ஒரு தொட்டி. இப்போது கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் அதை வாடகைக்குக் கொண்டுவந்து, பெண்ணை உள்ளே உட்காரவைத்துக் கையில் பலூனைக் கொடுக்கிறார்கள். போன மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு சத்திரத்து வாசலில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். போட்டோ முடிந்து பெண் இறங்கிப் போனதும், ஓட்டி வந்த பையன் காலித் தொட்டியோடு வண்டியைக் கிளப்பினான். நான் கிட்டே போய், "தம்பி, லெஃப்ட்ல திருப்பறப்ப மெதுவா போப்பா, தூக்கிடும்" என்றேன். "டெய்லி ஓட்றோம் ஆண்ட்டி" என்று சிரித்தான். அவன் மூலை திரும்பி மறையும் வரை நான் அங்கேயே நின்றேன். கூட வந்த என் மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எனக்குப் பயம் அதிகம்தான். காஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். பஸ் இடது பக்கம் திரும்பினால் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கிறவள். யாராவது மெலிந்து வந்தால், "இன்னா ஆச்சு, டாக்டர்கிட்ட போனியா?" என்று கேட்டு அவர்கள் மனதைக் கெடுக்கிறவள். இந்தப் பயமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு குளிர்காலத்தில் போய் நிற்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். எழுத்து பாதி, பேச்சு பாதியாகத்தான் வரும்.

ஒக்கலிபுரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் ஒரே பிள்ளை. அப்பா மில்லில் ஃபிட்டர். பக்கத்து வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை. அப்பாவிடம் சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது, மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்டு ஏலம் போட்டது. யார் யாரோ கை மாறி, வண்டி வேறாகவும் தொட்டி வேறாகவும்தான் எங்களிடம் வந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்தார். மில் மெஷின்களுக்கு அடிக்கும் பச்சை பெயிண்டைத் தொட்டிக்கு அடித்தார். முன்னால் மஞ்சளேறிய சின்னக் கண்ணாடி. உட்காருகிற இடத்தில் பிளந்துபோன ரெக்ஸின் சீட்டு. அதைத் தூக்கினால் அடியில் சாமான் வைக்க ஒரு குழி. காலுக்கு நார் மிதியடி. வெயிலில் நின்றால் ரெக்ஸினும் பெட்ரோலும் நாரும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் பழைய கராஜ் பக்கம் போனால் அந்த வாடைக்கு நான் நின்றுவிடுவேன்.

எங்களுக்கு அது ஷோக்கு வண்டி இல்லை. ஆட்டோ கட்டுப்படியாகாது. பஸ்ஸில் மூட்டை ஏற்றவிட மாட்டார்கள். அதனால் அரிசி மூட்டை தொட்டியில் வரும், மண்ணெண்ணெய் டின் வரும், சந்தில் யாருக்காவது இடுப்பு வலி எடுத்தால் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி தொட்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். வெளியே போவதென்றால் அப்பா ஓட்ட, நான் அவர் பின்னால் உட்கார, அம்மா தொட்டியில். சந்து முனையில் பீடா கடை வைத்திருந்த பாய், "அரே வாஹ், மஹாராணி சவாரி!" என்று சலாம் போடுவார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

அந்த வண்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. தொட்டி இடது பக்கம் இருப்பதால், வண்டியை இடது பக்கம் திருப்பும்போது தொட்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். தொட்டியில் ஆள் இருந்தால் எழும்பாது. காலியாக இருந்தால் எழும்பும்; வேகமாகப் போனால் வண்டியே வலது பக்கம் கவிழ்ந்துவிடும். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். அதனால் தனியாகப் போகும் நாளில் அப்பா ஒரு மணல் மூட்டையைத் தொட்டியில் வைத்துக்கொண்டுதான் மில்லுக்குப் போவார். மில்லில் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னாபா, இன்னிக்கி வூட்டுக்காரி மூட்டைக்குள்ள கீறாளா?"

அந்த வருஷம் குளிர் கார்த்திகையிலேயே இறங்கிவிட்டது. அம்மாவுக்கு டீபி என்று தெரிந்ததும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அந்த நோவு" என்பார்கள். மல்லேஸ்வரம் தாண்டிப் போய் தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் பஸ்ஸில்தான் போனாள். அம்மா இருமியதும் பக்கத்து சீட்டுப் பெண்மணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள் என்று வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் அப்பா மில்லில் சொல்லி இரண்டாவது ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் தொட்டிதான். ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்கள்.

வீட்டில் அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். நான் அத்தை வீட்டில் படுத்தேன், அத்தை கையால் சாப்பிட்டேன். "கிட்ட போவாதடி, மூச்சு பட்டா ஒனக்கும் வந்துடும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மாவும் என்னைக் கண்டால் முந்தானையை மூக்குக்கு இழுத்துக்கொள்வாள். ஆகவே அந்தப் பருவம் முழுக்க நான் அம்மாவுக்குக் கிட்டே இருந்தது வண்டியில் போகும்போதுதான். கை நீட்டினால் அவள் தலை எட்டும். நீட்டக் கூடாது.

ஒரு காலை, பனி இன்னும் விலகவில்லை. மல்லேஸ்வரத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு இடது திருப்பம். தினமும் போகிற வேகம்தான். தொட்டி சட்டென்று மேலே எழும்பிப் பொத்தென்று விழுந்தது. அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"இன்னாங்க, ஏரோப்ளேன் ஓட்றீங்களா?"

"கல்லு மே. கல்லுல ஏறிடுச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் கல் எதுவும் இல்லை. அப்பாவின் முதுகில் சாய்ந்திருந்த எனக்கு அவர் உடம்பு விறைத்தது தெரிந்தது.

ஊசி போடும் இடத்தில் எடை மெஷின் ஒன்று இருந்தது. முள் ஒரே இடத்தில் நின்றுபோய், மேலே பழைய துணி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். டாக்டரை எப்போதாவதுதான் பார்க்க முடியும். நர்ஸம்மா ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அம்மா குளிருக்கு ஸ்வெட்டரும் அதன் மேல் சால்வையும் சுற்றியிருப்பாள். அவள் இளைத்துப் போவதை யாரும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஹேண்டிலைப் பிடித்த கையில் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது அப்பா ஷிஃப்டுக்குப் போகாமல் வண்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். மாவுப் பையில் மணலைக் கட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த குழிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா அது?"

"பாரம். ஒங்கம்மாளுக்குத் தெரிய வேணாம், இன்னா? பயந்துக்கும்."

கொஞ்ச நாள் தொட்டி ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் அந்தத் திருப்பத்தில் லேசாக ஒரு துள்ளல். மறுநாள் குழிக்குள் மணல் பையோடு ஒரு இரும்பும் இருந்தது. மில்லில் கழித்துப் போட்ட பல்சக்கரத்தில் பாதி. அதற்குப் பிறகு உடைந்த புல்லி ஒன்று. குழி நிறைந்ததும், நார் மிதியடிக்கு அடியில் பட்டையான துண்டுகளை வரிசையாகப் பரப்பினார். "பலகை ஆட்டம் காணுது, அடிச்சி வெச்சிக்கீறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதன் மேல் காலை வைத்துக்கொண்டு போனாள்.

நான் அப்போதே கவலைக்காரி. காலையில் வண்டி ஏறும்போது இன்றைக்குத் தூக்குமா தூக்காதா என்றுதான் நினைப்பு ஓடும். தூக்கவில்லை என்றால் அம்மா தேறிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். உடனே இரும்பு ஞாபகம் வந்துவிடும்.

இரும்பு இருப்பது தெரியாத அம்மாவுக்கு அந்த ஞாபகம் வர வழியில்லை. மருந்தில் இருமல் அடங்கியிருந்தது, சாயங்காலக் காய்ச்சலும் போயிருந்தது. அதோடு தொட்டியும் ஆடாமல் போனது. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், வாசலில் வெயில் காய்ந்துகொண்டு அத்தையிடம் சொன்னாள்:

"அண்ணி, முன்னெல்லாம் மூலைல தூக்கித் தூக்கி அடிக்கும். இப்ப அம்மிக்கல்லாட்டம் குந்தினு போறேன். ஒடம்பு ஏறிக்கிச்சு."

"ஆமாமே, மூஞ்சி கூட தெளிஞ்சிக்கீது."

"ஜாக்கெட்டுதான் லொடலொடன்னு கீது. தொவச்சித் தொவச்சி நெகிழ்ந்துடுச்சு."

இருவரும் சிரித்தார்கள். அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்தார், மறுபடி நனைத்தார், துடைத்த இடத்தையே துடைத்தார்.

அம்மாவுக்கு ஊசி போட்டால் தலை சுற்றும். காதுக்குள் ரீங் என்று சத்தம் கேட்கிறது என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மாத்திரை போட்டால் சோறு இறங்காது, குமட்டும். வண்டியில் சுற்றிச் சுற்றிப் போவதால்தான் தலை சுற்றுகிறது என்று அத்தை சொன்னாள்; அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அந்தக் காலத்து ஊசியே அப்படிச் செய்யும் என்று வெகு காலம் கழித்து ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அப்போது எங்கள் சந்தில் அதைச் சொல்ல யாரும் இல்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டு நின்றார். அம்மா வெளியே வரவில்லை.

"இன்னா மே, டைம் ஆவுது."

"நான் வர்ல. போதும் ஊசி."

"ஊசிய வுட்றாத மே. வுடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"தலை கிர்ருங்குது, காது அடைக்குது. நல்லாக்கீறவளுக்கு ஊசி இன்னாத்துக்கு? டாக்டர் சொல்றது இருக்கட்டும். ஒங்க வண்டியே சொல்லுதே, நான் தேறிட்டேன்னு."

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அதற்குள் அத்தை வந்துவிட்டாள்.

"டேய், அவளே தேறிட்டேன்னு சொல்றா. நீ ஏன்டா அவள நோவாளியாவே வெச்சிக்கப் பாக்கற?"

அப்பா வண்டியை அணைத்தார். என்னை நடத்தியே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்.

அவர் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இதை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பயப்படுவாள் என்றுதான் மறைத்தார். மறைத்ததில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. சந்து பூராவும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவளிடம் போய், உன் உடம்பு ஏறினது பொய், அது இரும்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நீங்களும் நானும் இருந்தாலும் சொல்லியிருப்போமா? தெரியவில்லை.

ஊசி நின்றது. கொஞ்ச நாள் அம்மா நன்றாகவே இருந்தாள். சாம்பார் வைத்தாள், பீடா கடை பாய்க்குக் கூட ஒரு கிண்ணம் அனுப்பினாள். மாசி பிறந்ததும் இருமல் திரும்பி வந்தது. யாருக்கும் கேட்கக் கூடாதென்று குளிக்கிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமுவாள். நடுவில் ஒற்றைச் சுவர்தானே. தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் இருமல் சத்தம் அத்தை வீட்டில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வெளியே வந்தபோது சுவர் ஓரமாகச் சாக்கு ஒன்று விரித்திருந்தது. அதன் அடியில் பல்சக்கரம், புல்லி, பட்டைத் துண்டுகள், மணல் பை எல்லாம் கிடந்தன. தொட்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், இரும்பு ஒன்றும் இல்லை.

"மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போயி வரலாம் வா மே," என்று அப்பா உள்ளே பார்த்துச் சொன்னார். "ரொம்ப நாளாச்சு."

அம்மா கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பாய் சலாம் போட்டார். அம்மா அன்றைக்கு மூக்கை மூடாமல் சிரித்தாள். நான் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அப்பா, மெதுவாப்பா" என்று முதுகில் சொன்னேன். அவர் நேர்ச்சாலையில் மெதுவாகத்தான் போனார். அந்தத் திருப்பம் வந்தபோது மட்டும் வேகத்தைக் குறைக்கவில்லை.

தொட்டி எழும்பியது. முன்பு எழும்பின மாதிரி இல்லை. எழும்பி, அப்படியே நின்றது. எனக்கு வலது பக்கத்தில் ரோடு கிட்டே வந்தது. அம்மா சரிந்து அப்பாவின் காலில் வந்து மோதினாள். பிறகு சக்கரம் தரையில் அறைந்தது. அப்பா ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்த பிறகும் ஹேண்டிலை விடவில்லை.

அம்மா திட்டவில்லை. மிதியடியைக் காலால் அழுத்திப் பார்த்தாள். இறங்கி, சீட்டைத் தூக்கினாள். குழிக்குள் கொஞ்சம் மணல் சிந்திக் கிடந்தது.

"இங்க இன்னா வெச்சிருந்தீங்க?"

"பாரம்."

"எப்பலேந்து?"

"கார்த்திகலேந்து."

"எவ்ளோ?"

அப்பா ரோட்டைப் பார்த்தார்.

"எவ்ளோன்னு கேக்கறேன்."

அப்பா ஹேண்டிலை விட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வளைத்துக் காட்டினார். அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "ஏனாயித்தம்மா?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டாள். "ஏனில்லா", ஒன்றுமில்லை என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம்:

"இப்ப போனா ஊசி போடுவாங்களா?"

"ம்."

"போங்க அப்ப."

காலித் தொட்டியில் அவளை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக அப்பாவுக்குத் தைரியம் இல்லை. வழியில் இன்னும் இடது திருப்பங்கள் இருந்தன. என்னைத் தொட்டியில் உட்காரச் சொன்னார். "வேணாங்க, புள்ள வேணாம்" என்று அம்மா பதறினாள். "எப்டி போனாலும் தூக்கும் மே. அது பின்னாடி குந்துனா இன்னும் தூக்கும்" என்றார் அப்பா.

அப்படித்தான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். அத்தனை மாதங்களுக்குப் பிறகு. அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயில் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஒரு கையால் என் மூக்கையும் வாயையும் மூடினாள். எனக்குத் தெரிந்தது அவள் காதும் கழுத்து எலும்பும் மட்டும்தான். இடுப்பு எலும்பு என் விலாவில் குத்தியது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஏனம்மா, இஷ்டு தின எல்லி ஹோகித்தெ?" இத்தனை நாள் எங்கே போனாய் என்று நர்ஸம்மா சத்தம் போட்டாள். குழந்தையை ஏன் பக்கத்தில் உட்காரவைத்தாய் என்று அப்பாவுக்கும் திட்டு விழுந்தது. மறுநாள் டாக்டர் பார்த்தார். நடுவில் விட்டதால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பழைய மருந்துக்கு இனி நோய் கேட்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

கேட்கவில்லை. ஆடியில் அம்மா போய்விட்டாள். என்னை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அத்தை சொன்னாள்; பள்ளிக்கூடம் நின்றது. அந்த எடை மெஷினின் முள் ஓடியிருந்தால், பொங்கல் கழிந்த மறுநாளே அப்பா வாயைத் திறந்திருந்தால், அத்தை அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ராத்திரி படுத்தால் ஒவ்வொன்றாக வரும். என் மகள், "எத்தினி வருஷமா இதையே யோசிப்ப?" என்கிறாள். யோசனை நிற்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா ஒரு நாள் கூட ஊசியை விடவில்லை. தலை சுற்றினாலும், குமட்டினாலும், ஒரு காது முழுசாக அடைத்துப்போன பிறகும் போனாள். அப்பாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அவர் மறைத்து வைக்க இனி விடவில்லை. தினமும் ஏறுவதற்கு முன்னால் சீட்டைத் தூக்கி, மிதியடியை விலக்கிப் பார்ப்பாள். அப்பா அவள் கண் முன்னால்தான் இரும்பை அடுக்க வேண்டும். அவளைத் தூக்கி உட்காரவைக்க வேண்டிய நிலை வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஆனி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. அப்பா அவளைத் தூக்கித் தொட்டியில் வைத்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்பா வண்டியை உதைக்கப் போனார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அடைத்த காதால் அவளுக்குத் தன் குரலே சரியாகக் கேட்காது. சந்துக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"இன்னொண்ணு வைங்க. நேத்து தூக்குச்சு. பாப்பா பின்னாடி குந்தினு வர்றா."

அப்பா சுவரோரம் போய்ச் சாக்கை விலக்கினார். அவர் எடுத்து வரும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி மடக்கி, இரும்புக்கு இடம் கொடுத்தாள்.